நகத்தின் மேல் ஒரு வேங்கை

நகத்தால் கிள்ள வேண்டியதற்குக் கோடரி எதற்கு என்பது தமிழர் பழமொழி. அப்பழமொழியை வகுப்பறையில் விளக்கிச் சொல்லும் ஆசிரியர்களே, மாணவியரின் நகத்தைக் கண்ட மாத்திரத்தில் கோடரியைத் தூக்கிக்கொள்வது விந்தையினும் விந்தையாகும்.

பள்ளி விடுமுறைக் காலத்தில் மலேசியத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. அடுக்குமாடி வீட்டின் சன்னலோரத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பழைய நாளிதழை விரித்து அமர்ந்திருக்கின்றாள். அவள் முன்னே இரவுச் சந்தையில் வாங்கிய சிறு குப்பிகள் மூன்று. பேச்சு வழக்கில் கியூடெக்ஸ் என்று சொல்லப்படும் நகப்பூச்சு. பக்கத்தில் பல்குச்சி ஒன்று, கொண்டை ஊசி ஒன்று, சிறிது பஞ்சு. இடக்கை நாளிதழின் மேல் விரிந்து கிடக்க, வலக்கை மூச்சையும் அடக்கிக்கொண்டு ஒரு நகத்தின் மேல் வேங்கையின் வரிகளை வரைகின்றது. அவ்வேளையில் வீட்டிற்கு வரும் உறவினர் ஒருவர், அவர் ஆசிரியராகவும் அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை, "படிக்கிற பிள்ளைக்கு இதென்ன வேலை? நகத்தில் புலியை வரைந்தால் படிப்பில் புலியாகிவிட முடியுமா?" என்கின்றார். வீட்டார் நகைக்கின்றனர். சிறுமி கையை மடக்கிக்கொள்கின்றாள். ஈரம் காயாத வரிகள் உள்ளங்கையில் அப்பிக்கொள்கின்றன.

அங்கே அழிந்தது ஒரு நகத்தின் அழகு மட்டுமன்று. ஒரு கையின் ஊக்கமும் அங்கேதான் அழிந்தது. அச்சிறுமியின் கையில் குற்றமில்லை. குற்றம் உண்டெனில் அது கண்ணில் இருக்கக்கூடும். தான் வரையும் விலங்கை அவள் உற்று நோக்கியிராமல் இருக்கலாம். கண்ணைப் பயிற்றுவிக்கக் கடமைப்பட்டவர், அக்கடமையை மறந்து, கையை அடக்குகின்றார். இதுவே கண்டிக்கப்பட வேண்டிய செயலாகும்.

வேலையின் தன்மை

ஒரு செயலைப் பழிப்பதற்கு முன் அதனை அறிந்துகொள்ளுதல் அறிவுடையோர் முறை. நகத்தில் விலங்கின் தோலழகைத் தீட்டுவது, பழிப்போர் கருதுவதுபோல் குப்பியைத் திறந்து சாயத்தைத் தடவிவிடும் வேலையன்று.

முதலில் நகத்தின் எண்ணெய்ப் பசை நீக்கப்படல் வேண்டும். பின்னர் நிறமற்ற அடிப்பூச்சு. நிறம் நகத்தில் கறையாக ஊறிவிடாமல் அது காக்கும். அதன் மேல் தளநிறம். இதனை ஒரே தடித்த பூச்சாக இடலாகாது. மெல்லிய பூச்சு ஒன்றிட்டு, அது காய்ந்த பின்னரே இரண்டாவது பூச்சிடல் வேண்டும். தடித்துப் பூசினால் மேற்புறம் காய்ந்தும் உட்புறம் ஈரமாகவே நின்று, பின்னர் தொட்ட இடமெல்லாம் சுருங்கும். இதனை எந்தப் பாடநூலும் அச்சிறுமிக்குக் கற்பிக்கவில்லை. கெட்டுப்போன நகங்களே அவளுக்கு ஆசான்கள்.

அடுத்து வருவதே ஓவியம். வேங்கைக்கு ஆரஞ்சு நிறத் தளம். நகத்தின் இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிக் கருவரிகள் செல்லுதல் வேண்டும். வரி தொடங்குமிடத்தில் அழுத்தம் மிகுந்தும், செல்லச் செல்லக் குறைந்தும், முடியுமிடத்தில் கை மேலெழுந்தும் வந்தாலன்றி முனை கூர்மை பெறாது. சிறுத்தைக்கு மணல் நிறத் தளம். அதன் மேல் ஒழுங்கற்ற பழுப்புத் திட்டுகள். அத்திட்டுகளைச் சுற்றிப் பல்குச்சியின் முனையால் கறுப்புப் பிறைகள். அப்பிறைகள் ஒன்றோடொன்று கூடி முழு வட்டமாகிவிட்டால் சிறுத்தை போய்விடும். பொத்தான்கள் மட்டுமே எஞ்சும். வரிக்குதிரைக்கு வெள்ளைத் தளம், கருவரி. ஒட்டகச்சிவிங்கிக்குப் பழுப்புக் கட்டங்கள். கட்டங்களுக்கிடையே வெளிறிய கோடுகள். எல்லாம் காய்ந்த பின்னரே பளபளப்பான மேற்பூச்சு. அவசரப்பட்டால் கறுப்பு இழுபட்டு, வேங்கை அழுக்காகிப்போகும்.

வலக்கைப் பழக்கமுடையவள் இடக்கை நகங்களை எளிதில் தீட்டிவிடுவாள். அதன்பின் வலக்கை நகங்களை இடக்கையால் தீட்டும் முறை வருகின்றது. அப்போதுதான் பொறுமை சோதிக்கப்படுகின்றது. ஒரு மாணவியின் வலக்கை நகங்கள் ஐந்தும் செவ்வையாக அமைந்திருக்கக் கண்டால், அவள் இடக்கையையும் பழக்கிவிட்டாள் என்று பொருள். விரல்நுனி ஒன்றின் பரப்பிற்குள் வரியை அடக்கவும், காயும் வரை காத்திருக்கவும், கெட்டதை அழித்து மீண்டும் தொடங்கவும் தெரிந்த ஒருத்தியை வீணாய்ப் போனவள் என்று எவ்வாறு கூறவியலும்?

அயல் வழக்கு என்னும் பழி

பழிப்போர் முதலில் எடுத்தாளும் ஆயுதம் பண்பாடு. நகத்திற்கு நிறமூட்டுவது மேல்நாட்டாரின் பழக்கம். தமிழ்ப் பெண்ணுக்கு அது தகாது என்பது அவர்தம் வாதம்.

குப்பியில் அடைபட்டு வரும் நகப்பூச்சு மேல்நாட்டில் தோன்றியது உண்மையே. பஞ்சினையோ மரக்கூழினையோ நைட்ரிக் அமிலத்தோடு வினைப்படுத்திப் பெறும் நைட்ரோசெல்லுலோசு என்னும் பொருளே அதன் அடிப்படை. முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகளுக்கு விரைவில் காயும் சாயம் செய்யப் பயன்பட்ட அப்பொருள், 1920ஆம் ஆண்டுகளில் நகத்திற்கும் வந்து சேர்ந்தது. ஆனால் நகத்திற்கு நிறம் வேண்டும் என்ற விருப்பம் மேல்நாட்டுச் சரக்கன்று. மருதாணியை அரைத்து விரல்நுனிகளில் குப்பிபோல் கவித்து, இரவெல்லாம் கையை அசைக்காமல் உறங்கிய பாட்டிமார் எந்த மேல்நாட்டாரைப் பார்த்து அதனைக் கற்றனர்? தோளிலும் மேனியிலும் குழம்பு கொண்டு கோலம் எழுதும் தொய்யில் என்னும் கலை சங்க இலக்கியத்தில் பேசப்படுகின்றது. அதனைத் தேர்வுக்குப் பாடமாக நடத்துவோர், சன்னலோரச் சிறுமியைக் கண்டு முகம் சுளிப்பது என்ன நீதி?

விலங்கின் வரியை மனித உடலில் தீட்டுவதும் தமிழர் அறியாத ஒன்றன்று. தமிழகத்தில் புலியாட்டம் ஆடுவோர் உடல் முழுவதும் மஞ்சள் தீட்டி, கருவரி எழுதி, பறையின் தாளத்திற்கேற்பப் பாய்ந்து ஆடுவர். அதனை நாட்டுப்புறக் கலை என்று போற்றுகின்றனர். மலேசியக் கால்பந்துக் குழுவிற்கு ஹரிமாவ் மலாயா என்று பெயர். அக்குழு ஆடும் நாளில் கன்னங்களில் வேங்கை வரி தீட்டிக்கொண்டு அரங்கிற்குச் செல்லும் இளைஞரைக் கண்டால், அதனை நாட்டுப்பற்று என்கின்றனர். நாட்டின் சின்னத்தையே இரண்டு வேங்கைகள் தாங்கி நிற்கின்றன. உடலெங்கும் தீட்டினால் கலை. கன்னத்தில் தீட்டினால் நாட்டுப்பற்று. பெண்பிள்ளை ஒருத்தி விரல்நுனியில் தீட்டினால் மட்டும் ஒழுக்கக்கேடா? இவ்வழக்கில் தீர்ப்பு வரியைப் பார்த்து வழங்கப்படவில்லை. வரைந்தவள் பெண் என்பதைப் பார்த்தே வழங்கப்படுகின்றது.

பொழுது வீணாகின்றது என்னும் பழி

அடுத்த பழி, இது படிப்பிற்கு இடையூறு என்பது. ஓவியம் கையின் பழக்கத்தால் வருவது என்னும் உண்மையை ஔவையின் பெயரால் வகுப்புதோறும் ஓதுகின்றனர். ஆயின் அப்பழக்கத்திற்குப் பள்ளியில் ஒதுக்கப்பட்ட பொழுது என்ன ஆயிற்று என்று கேட்பாரில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்த ஆண்டுகளில், ஆறாம் ஆண்டு மாணவரின் கலைக்கல்விப் பாடவேளை கணிதத்திற்கோ அறிவியலுக்கோ அறிவிப்பின்றிக் கைமாறியதை அறியாத பெற்றோர் குறைவு. 2021இல் அத்தேர்வு ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வு வளர்த்த எண்ணம் மட்டும் போகவில்லை. மதிப்பெண் தராத எதுவும் வீண் என்று எண்ணும் உள்ளம் இன்னும் பல ஆசிரியர் அறைகளில் வீற்றிருக்கின்றது.

வீட்டு வாயில்களையும் பார்த்தல் வேண்டும். அரிசிமாவால் புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி இழையோட்டிக் கோலமிட்ட கைகள் இன்று அருகி வருகின்றன. கடையில் வாங்கிய ஒட்டுக்கோலம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே இடத்தில் அசையாமல் கிடக்கின்றது. பள்ளி விழா மேடையின் அலங்காரமோ அச்சிட்ட பதாகையாகச் சுருண்டு வந்து விரிகின்றது. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட தமிழர் வீட்டில், தன் கையால் ஒரு புள்ளியையும் ஒரு வரியையும் இன்னும் எழுதிக்கொண்டிருப்பவள் அந்தச் சிறுமி ஒருத்தியாகவே இருக்கக்கூடும். நகத்தில் ஒட்டுவதற்கும் ஆயத்த ஒட்டிகள் கடையில் கிடைக்கின்றன. அவள் அதனை வாங்கவில்லை, தானே எழுதினாள். ஒட்டுவதைப் பொறுத்துக்கொண்டு, எழுதுவதைத் தண்டிக்கும் சமுதாயம், கோலம் அழிகின்றதே என்று ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துவதில் பயன் என்ன?

ஏற்கத்தக்க மறுப்புகள்

எதிர்வாதத்தில் உண்மை இருக்குமிடத்தில் அதனை ஏற்றல் வேண்டும். மலேசியப் பள்ளிகளின் ஒழுங்கு விதி மாணவியரின் நகப்பூச்சை ஏற்பதில்லை. அவ்விதி கைவிடப்பட வேண்டும் என்று ஈண்டு வாதிடப்படவில்லை. பள்ளிக்குப் பள்ளியின் ஒழுங்கு; விடுமுறைக்கு வீட்டின் உரிமை. பள்ளி தொடங்கும் முன்னாள் மாலையில் அதனைத் துடைத்தெடுக்கும் பொறுப்பும் அச்சிறுமியையே சாரும். தான் வரைந்ததைத் தானே அழிக்கக் கற்பதும் ஒரு பயிற்சிதான். காலையில் இட்ட கோலம் மாலைக்குள் அழிவதைப் பார்த்து வளர்ந்த மரபினர்க்கு இது புதிதன்று.

உடல்நலம் குறித்த அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. நகப்பூச்சில் கரைப்பானாக எத்தில் அசிட்டேட்டு, பியூட்டைல் அசிட்டேட்டு போன்றவை சேர்கின்றன. அவை ஆவியாகிப் போவதாலேயே பூச்சு காய்கின்றது. மூக்கைத் துளைக்கும் நெடியும் அதனாலேயே எழுகின்றது. துடைக்கப் பயன்படும் அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். ஆகவே சன்னல் திறந்திருத்தல் வேண்டும். பூசை விளக்கும் அடுப்பும் அருகில் இருத்தலாகாது. நகத்தைக் கடிக்கும் பழக்கமுடைய சிறுபிள்ளைகள் இதனைத் தொடாதிருத்தல் நலம். மருத்துவர் நகத்தின் இயல்பான நிறத்தைக் கண்டு நோய்க்குறி அறிவதுண்டு. விரல்நுனியில் மாட்டி உயிர்வளியின் அளவைக் காட்டும் கருவியும் நகப்பூச்சினால் பிழைபடக்கூடும். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் நகம் வெறுமையாக இருத்தல் வேண்டும். குடும்பத்தின் வருவாயை மீறிச் செலவு செய்து அழகு நிலையத்தில் நகம் ஒட்டிக்கொள்வதையும் எவரும் பரிந்து பேசவியலாது.

இவையனைத்தும் நல்ல அறிவுரைகள். ஆயின், அறிவுரை கூறுவது வேறு. எள்ளி நகையாடுவது வேறு. சன்னலைத் திற என்று சொல்லும் ஆசிரியர் ஒரு வேதியியல் பாடத்தைத் தொடங்குகின்றார். வெட்கமில்லையா என்று கேட்கும் ஆசிரியரோ எல்லாப் பாடங்களையும் முடித்துவைக்கின்றார்.

கேட்க வேண்டிய வினா

அப்படியாயின் ஆசிரியர் அச்சிறுமியிடம் என்னதான் சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வினாவைக் கேட்டாலே போதும். "இது எந்த விலங்கு?" என்பதே அவ்வினா.

"சிறுத்தை" என்று அவள் விடையளிக்கக்கூடும். அவள் இட்டிருப்பதோ நிறைவான கரும்புள்ளிகள். அப்புள்ளிகள் சிவிங்கிப்புலி எனப்படும் வேட்டைச்சிறுத்தைக்கு உரியவை. சிறுத்தைக்கு உரியது புள்ளியன்று. உள்ளே பழுப்பும் சுற்றிலும் உடைந்த கறுப்பும் கொண்ட பூப்போன்ற வளையம். அவ்வளையத்தின் உள்ளே மேலும் சிறு புள்ளிகள் காணப்படின் அது அமெரிக்கக் கண்டத்து ஜாகுவார். மூன்றையும் ஒன்றாகக் கருதி விற்பது துணிக்கடைக்காரர் வழக்கம். மூன்றையும் பிரித்தறிவது கற்றவர் வழக்கம். அச்சிறுமியை முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு உயர்த்தப் பத்து நிமிடம் போதும். அப்பத்து நிமிடத்தைத் தர மறுத்து, ஒரு நிமிடத்தில் ஏளனம் செய்துவிட்டுப் போவதே ஆசிரியத் தொழிலுக்கு இழுக்காகும்.

வேங்கையின் வரிகளும் அத்தகையனவே. எந்த இரு வேங்கைகளுக்கும் வரிகள் ஒத்திரா. ஒரே வேங்கையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கூட ஒத்திரா. காட்டில் தானியங்கிப் படக்கருவிகளைப் பொருத்தி வேங்கைகளைக் கணக்கிடுவோர் இவ்வரிகளைக் கொண்டே ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிகின்றனர். இதனை அறிந்த மாணவி பத்து நகங்களிலும் ஒரே வரியைப் படியெடுக்க முயலமாட்டாள். தன் வரிகள் ஒன்றுபோல் அமையவில்லையே என்று வருந்தவும் மாட்டாள். வேங்கையே அவளுக்குத் துணை நிற்கின்றது.

வரியும் புள்ளியும் எவ்வாறு தோன்றுகின்றன என்ற வினா எழுந்தால், அதுவும் சிறுபிள்ளை வினாவன்று. கணிப்பொறியியலின் முன்னோடியாகப் போற்றப்படும் ஆலன் டூரிங், 1952இல் வெளியிட்ட ஆய்வுரையில் இவ்வினாவையே எடுத்துக்கொண்டார். ஒன்றோடொன்று வினைபுரிந்து பரவும் வேதிப்பொருள்கள், எங்கும் ஒரே சீராக இருந்த நிலையிலிருந்து தாமாகவே புள்ளிகளையும் பட்டைகளையும் உண்டாக்கக்கூடும் என்று கணித வழியில் அவர் காட்டினார். உலகம் வியக்கும் அறிஞர் ஒருவர் சிந்தனை செலுத்திய பொருளை, ஒரு மாணவி பல்குச்சியால் தொட்டால் மட்டும் அது அற்பமாகிவிடுமா?

இனி, அவள் தீட்டும் விலங்குகளின் பட்டியலையும் பார்த்தல் வேண்டும். வரிக்குதிரை ஆப்பிரிக்காவினது, ஒட்டகச்சிவிங்கியும் அக்கண்டத்தினது. பொதியுறையில் அச்சாகி வந்த படத்தைப் பார்த்து அவள் தீட்டுகின்றாள். பிறந்த மண்ணின் காட்டில் வாழும் தாப்பிர் என்னும் விலங்கு அவள் நகத்திற்கு வரவில்லை. முன்பாதி கறுப்பு, முதுகும் வயிறும் வெள்ளை, பின்கால்கள் கறுப்பு. அதைவிட எளிய ஓவியம் வேறில்லை. அதன் குட்டியோ தாயைப்போல் இராமல், வெண்ணிறக் கோடுகளும் புள்ளிகளும் உடல் முழுதும் விரவிப் பிறக்கின்றது. மாதங்கள் சில சென்றபின் அவை மறைந்துபோகின்றன. தாயை ஒரு விரலிலும் குட்டியை மறு விரலிலும் தீட்டினால் ஒரு பாடமே நிறைவேறிவிடும். இதனை அவள் அறியாதது அவள் குற்றமன்று. அவளுக்கு எவரும் காட்டவில்லை. காட்ட வேண்டியவர் நகத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மொழிப் பாடமும் அந்நகத்திலேயே அடங்கியிருக்கின்றது. புலிக்குத் தமிழில் வேங்கை என்றும் உழுவை என்றும் பெயர்கள் உண்டு. வேங்கை என்பது மரத்திற்கும் பெயர். அம்மரத்தின் மஞ்சட் பூக்கள் கரிய பாறையின் மேல் உதிர்ந்து கிடக்க, அப்பாறை புலிக்குட்டிபோல் தோன்றியது என்று சங்கப் புலவர் கண்டு பாடினர். கறுப்பின் மேல் மஞ்சள் விழுந்ததும் அங்கே புலியைக் கண்டது புலவரின் கண். ஆரஞ்சின் மேல் கறுப்பை இட்டு அங்கே புலியை எழுப்புவது சிறுமியின் கை. இரண்டிற்கும் இடையே இருப்பது பல நூற்றாண்டுகள், உறவு ஒன்றுதான். அவ்வுறவை எடுத்துக்காட்டினால், தமிழ் இலக்கியம் தேர்வுத்தாளிலிருந்து இறங்கி அவள் விரலில் வந்து அமரும்.

புலிப்பல்லும் புலிவரியும்

முற்காலத் தமிழர் தம் பிள்ளைகளுக்குப் புலிப்பல் கோத்த தாலியை அணிவித்தனர் என்பதைச் சங்கப் பாடல்கள் தெரிவிக்கின்றன. புலி காடெங்கும் திரிந்த காலம் அது. அக்காலத்தில் அது வீரத்தின் அடையாளமாக இருந்திருக்கலாம். இன்றைய நிலை வேறு. 2016 முதல் 2020 வரை நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பின் முடிவாக, காட்டில் எஞ்சியுள்ள மலாயா வேங்கைகள் நூற்றைம்பதிற்கும் குறைவு என்று மலேசிய அரசு 2022இல் அறிவித்தது. பெரிய தமிழ்ப்பள்ளி ஒன்றின் காலைக் கூட்டத்தில் நிற்கும் மாணவர் தொகையில் பாதிகூட இல்லை. வேங்கையின் பல்லும் நகமும் தோலும் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். அச்சட்டம் இருந்தும், புலிநகத்தைப் பொன்னில் பதித்துக் கழுத்தில் தொங்கவிடுவதை ஆண்மையென்று எண்ணுவோர் இன்னும் அற்றுப்போகவில்லை.

மனிதனின் நகமும் வேங்கையின் நகமும் கெரட்டின் என்னும் ஒரே பொருளால் ஆனவை. வேங்கையின் நகத்தைப் பறித்துத் தன் மார்பில் அணிபவன் ஒருவன். வேங்கையின் வரியைத் தன் நகத்தில் எழுதுபவள் ஒருத்தி. முன்னவனால் ஓர் உயிர் மாய்கின்றது. பின்னவளால் எவ்வுயிர்க்கும் கேடில்லை. இருவருள் எவர் தமிழ்ப் பண்பாட்டிற்கு உரியவர் என்பதை நேர்மையாளர் சொல்லட்டும். அச்சிறுமியிடம், "இவ்வேங்கை நூற்றைம்பதுகூட இல்லை, தெரியுமா?" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்த முறை அவள் வரையும் வரி அணிகலனாக மட்டும் இராது, அது ஒரு முறையீடாகிவிடும்.

பாட்டியின் நகம்

தோட்டப்புற வாழ்வை அறிந்தவர்க்கு மற்றொன்றும் நினைவிற்கு வருதல் வேண்டும். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, மங்கில் வழிந்த பாலைச் சேர்த்து, ஒட்டுப்பாலை உரித்தெடுத்த பெண்களின் நகங்கள் எந்நிறத்தில் இருந்தன? காற்றுப்பட்டுக் கறுத்த பால் நகக்கண்ணில் ஏறி, எத்தனை தேய்த்தும் போகாமல் நின்றது. அவர்கள் நகத்திற்குத் தம் விருப்பத்தால் நிறம் வந்தது தீபாவளியின் முன்னிரவில் அரைத்த மருதாணியால் மட்டுமே. மற்ற நாள்களில் அந்நகங்களின் நிறத்தைத் தோட்டமே தீர்மானித்தது.

அப்பெண்களின் பேத்தி இன்று தன் நகத்தின் நிறத்தைத் தானே தீர்மானிக்கின்றாள். அதனைப் பகட்டு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர், அவ்வுரிமை எத்தனை தலைமுறைகளின் உழைப்பால் வந்தது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. உழைத்த கையின் பேத்திக்கு அழகு பார்க்கும் கை வாய்த்திருப்பது இழிவன்று. அக்கை அழகை மட்டும் பார்த்து அறிவைப் பாராமல் நின்றுவிடுமானால், அப்போது வெட்கப்பட வேண்டியவர் அவளுக்குக் கற்பித்தவரே.

கறுப்பின் மேல் கறுப்பு

ஏளனம் செய்வோர் இறுதியாக எடுத்து வீசும் கல் ஒன்று உண்டு. "கறுத்த கைக்கு இந்த நிறமெல்லாம் எடுக்குமா?" என்பதே அது. இதனைச் சொல்வோர் அயலாரல்லர். பெரும்பாலும் தாயும் அத்தையும் பெரியம்மாவுமே. சில வேளைகளில் ஆசிரியரும் சொல்வதுண்டு. இச்சொல் நகத்தோடு நில்லாமல் நெஞ்சுவரை சென்று தைக்கும்.

அவர்களுக்கு மலேசியக் காடே விடை கூறுகின்றது. தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகள் ஏறத்தாழ அனைத்தும் கருஞ்சிறுத்தைகள். உலகின் பிற பகுதிகள் பலவற்றில் கருஞ்சிறுத்தை அரிது. இங்கு அதுவே இயல்பு. அதன் உடலில் வளையங்கள் இல்லை என்று நெடுங்காலம் பலர் எண்ணினர். உண்மையில் வளையங்கள் அழியவில்லை. கறுப்பின் மேல் கறுப்பாக அவை நிற்கின்றன. வெயில் சாய்வாகப் படும்போது அவை புலப்படுகின்றன. திரங்கானுக் காட்டில் படக்கருவிகளின் அகச்சிவப்பொளியைக் கொண்டு அவ்வளையங்களைக் கண்டு, ஒவ்வொரு கருஞ்சிறுத்தையையும் தனித்தனியே அடையாளம் கண்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. கறுப்பு எதையும் மறைத்துவிடவில்லை. பார்த்தவரின் ஒளிதான் போதவில்லை.

இதனை நகத்தில் தீட்டுவதற்கும் வழியுண்டு. மங்கலான கறுப்பைத் தளமாகப் பூசி, நன்கு காய்ந்தபின், பளபளக்கும் கறுப்பால் உடைந்த வளையங்களை இடுதல் வேண்டும். நேரே பார்ப்பவர்க்கு அது வெறும் கறுப்பு. விரலைச் சற்றே சாய்த்தால் சிறுத்தை வெளிப்படும். பொதியுறைப் படம் எதிலிருந்தும் படியெடுக்காமல், பிறந்த மண்ணின் விலங்கை அறிந்து, அதன் உண்மையை உணர்ந்து தீட்டிய ஓவியம் அதுவாகும். அவ்வளவிற்கு ஒரு மாணவியை உயர்த்திய ஆசிரியர், ஒழுங்கு விதியையும் மீறவில்லை, பண்பாட்டையும் கைவிடவில்லை. கலைக்கல்வியும் அறிவியலும் தமிழும் கற்பித்தவர் ஆகின்றார்.

எனவே, அடுத்த விடுமுறையில் சன்னலோரத்தில் விரிந்திருக்கும் ஒரு கையைக் காண நேரும் ஆசிரியர், முதலில் கோடரியைக் கீழே வைத்தல் வேண்டும். பின்னர் அருகில் அமர்ந்து, எந்த விலங்கு என்று கேட்டல் வேண்டும். விடை தவறாக இருந்தால் திருத்தலாம். தமக்கே விடை தெரியாவிடில் அச்சிறுமியோடு சேர்ந்து தேடலாம்; அதனால் ஆசிரியரின் மதிப்புக் குறையாது. கையை மடக்கிக்கொள்ளும் மாணவியை உருவாக்குவது எவர்க்கும் எளிது. கையை விரித்துக் காட்டி, "இது கருஞ்சிறுத்தை, சாய்த்துப் பாருங்கள், ஐயா" என்று சொல்லும் மாணவியை உருவாக்குவதே ஆசிரியர்க்குரிய பணியாகும்.